பதினேழு குடம்

2025 மே 6, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. காற்றில்லை, வெயில் அதற்குள் உறைத்தது. மரக்காணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் வாசல் குழாயில் ஒரு பூட்டு தொங்கியது.

சேலத்து நண்பர்களுக்கு: வீட்டை விற்றுவிட்டு மகனோடு கிளம்பிப் பதினான்கு மாதம். இது ஆறாவது வீடு. அவனுக்கு வேலை லேப்டாப்பில். அதைத் திறக்கிற இடமெல்லாம் ஊர். டிஜிட்டல் நோமாட், அதாவது நாடோடி என்கிறான். திரும்பிப் போக வீடில்லாததால் நானும் நோமாட்.

சேலத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீரைக் குடம் குடமாக எண்ணிப் பிடித்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கும் விடவில்லை. சுற்றிலும் கிணறெல்லாம் உப்பு. மணல்மேட்டில் இருந்த எங்கள் குழாயில்தான் நல்ல தண்ணீர். உப்பளத்தில் வேலை முடித்தவர்கள் அதில் கால் கழுவி, ஆளுக்கொரு குடம் பிடித்துப் போவார்கள். முந்தைய குடித்தனக்காரர் காலத்திலிருந்தே அப்படித்தானாம். "இன்னைக்குப் பதினேழு குடம்ப்பா," என்று மகனிடம் சொன்னேன். புகார் அல்ல, எண்ணியதை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. அவன் வெளியாட்கள் பதினேழு குடம் பிடிப்பதாக வீட்டுக்காரருக்கு மெசேஜ் தட்டிவிட்டான். வாடகை ஆப்பில் வீட்டின் ரேட்டிங் குறையுமென்று அவர் பூட்டிவிட்டார்.

பத்து மணிக்கு, உப்பு வாரிவிட்டுக் கஸ்தூரி வந்தாள். பாதமெல்லாம் வெடிப்பு.

"ஏன் சார், தண்ணிக்குப் பூட்டா?"

"நான் போடலம்மா."

"எண்ணுனது நீங்கதானே? வீட்டுக்காரரே சொன்னாரு. தெனம் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு முணுமுணுப்பீங்க. பெரியவரு சாமி பேரு சொல்றாருன்னு இல்ல நெனச்சோம்."

அன்று முதல்முறையாக எங்கள் ஷவரின் கீழ் பக்கெட் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு இருபத்திரண்டு குடம்.

வீட்டுக்காரரிடம் பூட்டுச் சாவி கேட்டு வாங்கச் சொன்னேன். மகன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கோவா போறோம்ப்பா. விடுங்க."

புதன்கிழமை ஆள் வைத்துப் பூட்டை உடைத்தேன். கஸ்தூரி கால் கழுவினாள், குடத்தை நிரப்பினாள். "நீங்க போயிடுவீங்க சார்," என்றாள். "நாங்கதான் இங்கியே கெடக்கணும்."

வியாழக்கிழமை வீட்டுக்காரர் வந்து குழாயையே கழற்றி, பைப்பை அடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கார் உப்பளத்தை ஒட்டிப் போனது. குனிந்து நின்றவர்களை எண்ணத் தொடங்கி, நான்கோடு நிறுத்திக்கொண்டேன். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். கஸ்தூரியா என்று தெரியவில்லை. கையைத் தூக்கினேன். என்னை எந்த ஊர்க்காரனென்று நினைத்தாளோ, பதிலுக்குத் தூக்கவில்லை.

முன்பணத்தில் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டது: பூட்டுக்கு 450, குழாயைக் கழற்றிய கூலி 600. ஆக 1,050 ரூபாய்.