செல்லாத நிலாக்கள்

கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டும் அந்தப் பெண்ணை எல்லோரும் கொக்கக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒல்லி உடம்பு, நீண்ட கழுத்து, உச்சியில் தனியாக உட்காரும் வேலை. பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பதினெட்டு மாடி உயரத்தில், கண்ணாடிக் கேபினில் அவர். கீழே வாக்கி டாக்கியுடன் நின்று "தூக்குங்க, இறக்குங்க" என்று சொல்பவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை.

"வீட்டுலதான் நாத்தனார் சொல்படி கேக்கணும்னா, வானத்துலயுமா?" என்று கொக்கக்கா அலுத்துக்கொள்வார்.

ஆனால் இருவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது கவிதை. நூலகத்து ஞாயிறு வகுப்பில் ஜப்பானியத் தொடர்கவிதையைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் மூன்று வரி சொன்னால் மற்றவர் இரண்டு வரியில் தொடர வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைத் தொட வேண்டும். அதற்கும் முன்னால் போனதற்குத் திரும்பக் கூடாது. ஐந்தாவதில் நிலா வர வேண்டும். முதல் ஆறு பாடல்களில் சாவு, நோய், பயம் எதுவும் தலைகாட்டக் கூடாது. ஏழாவதிலிருந்து தடையில்லை. கான்கிரீட் லாரிக்குக் காத்திருக்கும் நேரங்களில் மேலிருந்து மூன்று வரி இறங்கும், கீழிருந்து இரண்டு வரி ஏறும். சட்டம் பார்ப்பதில் நாத்தனார் கறார்.

அந்தப் பிற்பகல் கொக்கக்கா தொடங்கினார்:

மழைக்கு முன்
கொடியில் காயும் சட்டைகள்
ஒரே திசையில் கைநீட்டும்

கீழிருந்து:

எடுக்க ஓடியவள்
அடுப்புப் பாலை மறந்தாள்

மூன்றாவதில் தீய்ந்த பால் வாசனைக்கு ஒரு நாய் தனியாக வந்தது. நாலாவதில் நாயைத் துரத்திப் பள்ளி விட்ட கூட்டம். அப்போதுதான் கேபினில் காற்று எச்சரிக்கை மணி அடித்தது.

கொக்கக்கா கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டைத் தரையில் இறக்கினார். கிரேனின் நீண்ட கையைப் பிடித்துவைக்கும் பிரேக்கை விடுவித்தார். புயலில் அதுதான் முறை: கை காற்றின் போக்கில் சுழல வேண்டும். பிடித்து நிறுத்தினால் கிரேன் மொத்தமும் சாயலாம். இதற்குள் காற்று முற்றிவிட்டது. கதவைத் திறந்தவரை உள்ளேயே தள்ளியது.

"ஏணிப் பக்கம் வராதீங்க. உள்ளேயே இருங்க. பிரேக்கைத் தொடவே தொடாதீங்க" என்றார் இன்ஜினியர், வாக்கி டாக்கியை வாங்கி. சொல்லிவிட்டு நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்தார்.

யாரும் ஓட்டாத கிரேன் சுழலத் தொடங்கியது. எதிர்க் கட்டடம் கண்ணாடிக்குள் வந்தது, நழுவியது, மறுபடி வந்தது. காலடியில் இரும்பு முனகியது. ஓட்டுகிறவர் கைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஓடினால் நிறுத்து. பிரேக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அம்மாடி, போட்டுடறேன்டீ. ஒரு நொடி நின்னா போதும்."

"கையை மடியில வைங்க அண்ணி. அஞ்சாவது உங்க முறை. நிலா."

"மழையில எதிர்க் கட்டடமே தெரியல. நிலாவுக்கு எங்க போக?"

"கடன் வாங்கியாவது கொண்டாங்க."

கொக்கக்கா சொன்னார்:

கணக்கு வராத பிள்ளை
சன்னலில் எண்ணுகிறான்
ஒரே ஒரு நிலா

அடுத்து நாத்தனார் முறை, இரண்டே வரி. அதைச் சொல்லிவிட்டால் ஏழாவது கொக்கக்காவுக்கு. ஏழாவதில் எதுவும் வரலாம். நாத்தனார் தொண்டையைச் செருமினார்.

"செல்லாது."

"என்னது?"

"மூணாவதுல நாய் தனியா வந்துச்சு. இப்ப பிள்ளை தனியா நிக்குது. பின்னால போயிட்டீங்க. வேற நிலா."

"அடிப்பாவி! உயிர் போற நேரத்துல..."

"அந்த வார்த்தையும் செல்லாது. இன்னும் முதல் ஆறுக்குள்ளதான் இருக்கோம்."

கழுவிய குண்டானில் நிலா வந்தது. "ரெண்டாவதுல பால் காய்ச்சியாச்சு. சமையலறைக்குத் திரும்பாதீங்க." கடைசி பஸ்ஸின் கண்ணாடியில் வந்தது. "அரைகுறை." ஒவ்வொரு மறுப்புக்கும் மேலே கோபம் ஏறியது. கோபப்பட்ட நேரம் மட்டும் கை மடியில் கிடந்தது.

நடுவில் வாக்கி டாக்கி ஊமையானது. வெறும் கரகரப்பு. நாத்தனார் அதைக் காதோடு அழுத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மழையில் கேபின் தெரியவில்லை.

"அண்ணி? அண்ணி... நிலா?"

கரகரப்பு. பிறகு:

"யோசிக்க விடுடீ!"

இருட்டுவதற்குள் காற்று தணிந்தது. இறங்கும்போது கொக்கக்காவின் கால் ஒவ்வொரு படியையும் தேடியது. தரையைத் தொட்டதும் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் நிலாவுல ஒரு தப்பும் இல்ல அண்ணி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வேற வேற சொல்லிக்கிட்டே இருந்தீங்க?"

"செல்லும்னு சொல்லிடுவியோன்னுதான்டீ பயமே. ஏழாவதுக்கு வாயில என்ன வந்து நின்னுச்சுன்னு எனக்குத்தானே தெரியும்."

அது என்னவென்று நாத்தனார் கேட்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கொக்கக்கா மறுபடி ஏறினார். கிரேன் ஓடுகிறது. தொடர் ஐந்தாவதிலேயே நிற்கிறது.