பக்கத்து இருக்கையின் பெல்ட்

இதைப் படித்துவிட்டு ‘ஏதோ பிரமை’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நவம்பரில் மெக்கானிக் டெல்பர்ட்டின் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்வரை நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கற்பனையெல்லாம் ஓடாது. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து மலைச் சாலைகளில் காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிச் சாப்பிட்டவள் நான். மூடுபனியில் ஓட்டியிருக்கிறேன், வழுக்கும் பனிக்கட்டியில் ஓட்டியிருக்கிறேன். பயந்தது கிடையாது. ஒரே ஒரு நாள்தான் பயந்தேன். அதுவும் ராத்திரி இல்லை. நல்ல வெயில் அடித்த பிற்பகல்.

என் பெயர் வெர்னா. ஏவிஸ் என் அக்கா. இரண்டு பேரும் கல்யாணம், புருஷன், விவாகரத்து எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தோம். எங்களுக்கு வருடத்தில் ஒரே திருவிழா அக்டோபர்தான். இலைகள் நிறம் மாறும் நேரம். எங்கள் பள்ளத்தாக்கு எவ்வளவு சிவந்திருக்கிறது என்று வாராவாரம் மாநிலச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லும் தன்னார்வலர் ஏவிஸ். சம்பளம் கிடையாது. கர்வத்துக்கு மட்டும் குறைவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மலை முழுசாகச் சிவக்காமல் பார்க்கப் போகமாட்டோம். பாதிப் பச்சையைப் பார்த்து வாயைப் பிளப்பது சுற்றுலா வரும் நியூஜெர்சிக்காரர்கள் செய்யும் வேலை. முழுச் சிவப்பு மூன்று நாள் நிற்கும், சில வருடம் நாலு நாள். அந்த நாளைச் சரியாகக் குறிபார்த்து, காபியை ஃபிளாஸ்கில் ஊற்றி, ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்த டோனட்டைப் பையில் கட்டிக்கொண்டு கிளம்புவோம்.

வண்டியில் ஏறியதும் சண்டை ஆரம்பிக்கும். ஏவிஸ் பெல்ட் போடமாட்டாள். கார் ‘டிங்... டிங்...’ என்று மணி அடிக்கும். கொஞ்ச தூரம் கார் கத்தும், அப்புறம் நான் கத்துவேன், அதற்கப்புறம்தான் போடுவாள்.

போன வருடம் ஜூனில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. திறந்து பார்த்துவிட்டு, பரவிவிட்டது என்று மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஏவிஸ் மாறிப்போனாள். ஜூலையிலிருந்து வண்டியில் மணிச் சத்தமே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்து, மடியில் விரித்த போர்வைக்குள் விட்டுக்கொண்டு சமர்த்தாக வருவாள். சாவு பக்கத்தில் வந்தால்தான் இவளுக்குப் புத்தி வரும் போலிருக்கிறது என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். அவள் சிரித்தாள்.

செப்டம்பரில் அவளை விடுதியில் சேர்த்தோம். கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க வைக்கும் விடுதி. படுத்தபடியே அக்டோபர் பயணத்துக்குத் திட்டம் போட்டாள். அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எனக்கும்தான்.

“கீழ் ரோடு வேணாம்டி. நியூஜெர்சிக்காரன் நடுரோட்டுல வண்டிய நிறுத்திப் படம் எடுத்துக்கிட்டு நிப்பான்.”

“அப்ப மில் ரோடு?”

“அது குலுக்கும். தையல் பிரிஞ்சு குடலெல்லாம் உன் மடியில வந்து விழும்.”

“ச்சீ, வாயக் கழுவு.”

“பாலத்து வழியா போ. மூணு மணிக்கு மேல போ. வெயில் நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். அப்பத்தான் ஹெட்லி மலை எரியும்.”

செப்டம்பர் கடைசியிலேயே நான் கூப்பிட்டேன். இப்போதே போய்விடலாம் என்றேன்.

“பாதி வெந்த உருளைக்கிழங்க எவளாச்சும் திம்பாளா? இன்னும் ஒரு வாரம் போகட்டும்.”

அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள். நர்ஸ் சோலாஞ்ச் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். “அவங்களுக்கு இன்னொரு வாரம் இருக்குமான்னு தெரியலம்மா. பச்சையோ சிவப்போ, கூட்டிட்டுப் போயிருங்க” என்றாள். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே கெஞ்சினேன். மசியவில்லை. மலை தனக்காகக் காத்திருக்காது என்று தெரிந்தவள்தான். ஆனாலும் அவள் மலைக்காகக் காத்திருந்தாள்.

அந்த வியாழக்கிழமை ரேடியோவில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி பெருங்காற்று. அடித்தால் ஒரே ராத்திரியில் மலை மொட்டையாகிவிடும். எங்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஒன்றுதான் பாக்கி. சக்கர நாற்காலியில் தள்ளிவந்து காரில் ஏற்றித் தருகிறேன் என்று சோலாஞ்ச் ஒப்புக்கொண்டாள்.

“நீ இன்னைக்கே போய் ஒரு பார்வை பாத்துட்டு வா” என்றாள் ஏவிஸ். குரல் காற்றாகத்தான் வந்தது. “ரோட்டுல எங்கயாச்சும் மரம் கிரம் விழுந்து கெடக்கான்னு பாரு. மலைய ஒரு படம் எடு.”

“சரிக்கா.”

“பாலத்துல ஹாரன் அடிக்க மறந்துராத. எதுத்தாப்புல நானே வந்தாலும் வருவேன்.”

“வா வா. வழி விடுறேன்.”

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

எங்கள் பாலம் பழைய மரப் பாலம். மேலே கூரை, பக்கவாட்டில் பலகைச் சுவர். உள்ளே இருட்டாக இருக்கும். ஒரு வண்டி போகத்தான் இடம். அதனால் வாயிலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் ஹாரன் வந்தால், அந்த வண்டி வந்து போகும்வரை நாம் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் போகலாம். இது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அன்று மூன்று மணிக்கு மேல் பாலத்து வாயிலில் நிறுத்தினேன். இரண்டு தடவை அடித்தேன்.

பதில் வந்தது. பாம்ம்... பாம்ம்... பிப்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏவிஸ் அப்படித்தான் அடிப்பாள். இரண்டு நீளம், கடைசியில் விக்கல் போல ஒரு சின்னது. அவளிடமிருந்து வேறு யாரோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

வண்டி வரவில்லை.

பலகைகளின் மேல் டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கடகட... கடகட... உள்ளிருந்து என்னை நோக்கி வந்தது. என் காருக்கு முன்னால் வந்து நின்றது.

விளக்கு இல்லை. வண்டி இல்லை.

மரம் காய்ந்தால் சத்தம் போடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே ஓட்டினேன். பாதிப் பாலத்தில் குளிர்ந்தது. வெளிச்சத்துக்கு வந்தேன்.

டிங்...

டிங்... டிங்...

பழக்கதோஷம். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன். “பெல்ட்டப் போடுக்கா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. பை இல்லை, கோட் இல்லை. வெறும் இருக்கை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓரமாக நிறுத்தினேன். மணி நின்றால் போதும் என்று இருந்தது. எட்டி அந்த பெல்ட்டை இழுத்தேன். நன்றாக இழுத்து, இறுக்கி, மாட்டினேன். க்ளிக்.

மணி நின்றது.

“ஸ்ஸ்ஸ்...”

மூச்சு. பல்லுக்கு நடுவே இழுத்த மூச்சு. என் காதுக்குப் பக்கத்தில்.

நான் அசையவில்லை.

பெல்ட்டைப் பார்த்தேன். அது இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றது. குறுக்காக. எதையோ சுற்றிக்கொண்டு.

மெல்ல ஏறியது... மெல்ல இறங்கியது...

இறங்கி ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று இன்றுவரை தெரியாது. பயம் இருந்தது. ஆனால் அதற்கும் கீழே வேறு ஒன்று இருந்தது. ஓடினால் அவளைப் பாதி வழியில் விட்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது. வண்டியை எடுத்தேன். குலுங்காமல் ஓட்டினேன். பள்ளம் வந்த இடத்திலெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன்.

அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் மூச்சின் ஆவி படர்ந்தது. உள்பக்கத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு வட்டம் துடைபட்டது. முகம் அளவுக்கு.

திருப்பத்தைத் தாண்டினேன்.

மலை எரிந்தது.

அடிவாரத்திலிருந்து உச்சிவரை சிவப்பு. நடுவில் பிர்ச் மரங்களின் மஞ்சள். ஒரு பச்சை இலை இல்லை. என் அறுபத்தெட்டு வயதில் ஹெட்லி மலையை அப்படி நான் பார்த்ததில்லை. காற்று இல்லை. ஒரு இலைகூட விழவில்லை. பறவைச் சத்தமும் இல்லை. வெயில் முதுகுப் பக்கம் இருந்தது.

எஞ்சினை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுதுகொண்டே கேட்டேன்.

“வெந்துருச்சா அக்கா?”



எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு பெல்ட் தளர்ந்தது. மெதுவாக... இருக்கையோடு போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் ஆவி இல்லை. வட்டமும் இல்லை.

எங்கோ ஒரு காகம் கத்தியது.

அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். பள்ளத்தாக்கில் போனுக்கு சிக்னல் கிடையாது. தார் ரோட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. சோலாஞ்ச்.

“எங்கம்மா இருக்கீங்க? அவங்க... போயிட்டாங்க. கஷ்டப்படல. நல்லாத் தூங்கிட்டு இருந்தவங்க திடீர்னு கண்ணத் தொறந்தாங்க. ‘அவ ஹாரன் அடிச்சுட்டா, நான் கெளம்பணும்’னாங்க. அவ்வளவுதான்.”

விடுதிக்குப் போனேன். அக்காவின் கை இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை. சோலாஞ்ச் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் போனை எடுத்து அந்தப் படத்தை அவளிடம் காட்டினேன்.

“அழகா இருக்கும்மா” என்றாள். “இன்னும் நாலஞ்சு நாள் விட்டா முழுசாச் சிவந்திரும், இல்ல?”

வாங்கிப் பார்த்தேன். படத்தில் மலை பாதிக்கு மேல் பச்சையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சொன்னபடியே காற்று அடித்தது. காலையில் மலை மொட்டை. அந்த வருடம் ஹெட்லி மலையை முழுச் சிவப்பில் யாருமே பார்க்கவில்லை என்று ஊரில் எல்லோரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் மூளை என்னென்னவோ காட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நவம்பரில் பனிக்கால டயர் மாட்ட டெல்பர்ட்டிடம் போனேன். பிறந்த குழந்தையாக இருந்தபோது ஏவிஸ் தூக்கி வைத்திருந்த பையன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. டயரைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் சும்மா சொன்னேன்.

“அந்த பெல்ட் மணியையும் ஒரு பார்வை பாருப்பா. ஆளே இல்லாம அடிக்குது.”

அவன் நிமிர்ந்தான்.

“எது? பக்கத்து சீட்டா?”

“ஆமா.”

“அது அடிக்காதேக்கா.”

“அடிச்சுது. போன மாசம்.”

டெல்பர்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். ஒரு வயர் கழற்றி, நுனியில் டேப் சுற்றிக் கிடந்தது. டேப்பின் மேல் தூசி படிந்திருந்தது.

“ஜூலைல ஏவிஸ் அக்காதான் வந்து கழட்டச் சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“எதுக்கு?”

அவன் என்னைப் பார்க்கவில்லை.

“பெல்ட் சரியா அந்தத் தையல் மேல வருதாம். உயிர் போற வலியாம். போட முடியலக்கா அவங்களால. போடலேன்னா மணி அடிக்கும், நீங்க திட்டுவீங்க. வலிக்குதுன்னு சொன்னா வண்டியில கூட்டிட்டுப் போகமாட்டீங்க. அதான்... நுனியப் போர்வைக்குள்ள கையில பிடிச்சுக்கிட்டே உக்காந்துக்கிறேன், அவளுக்குத் தெரியாதுன்னாங்க.”

டயர்கூட மாட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே வந்து நின்றேன். முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஸ்ஸ்ஸ்... பல்லுக்கு நடுவே இழுத்த மூச்சு.

நன்றாக இழுத்து, இறுக்கி, மாட்டியது நான்தான்.

அந்த வலியோடுதான் என் அக்கா அந்த மலைவரைக்கும் வந்தாள்.