பதினேழு நாள் மருந்தில்லாமல்

கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் அது எனக்கு இரண்டாம் வருடம். ஆவணங்களில் நான் ஆண். ஆனால் அதற்கு முன்பே மருத்துவமனையில் ஒரு நிபுணர் என்னை முறையாகப் பரிசோதித்து, பெண்ணாக மாறுவதற்கான ஹார்மோன் மாத்திரைகளை எழுதிக் கொடுத்திருந்தார்.

முகாம் குளியலறையில் என்னை வைத்து நடந்த விளையாட்டுகளைப் பொறுக்க முடியாமல், விடுப்பு முடிந்தும் திரும்பாமல், ஆங் மோ கியோவில் அக்கா வீட்டில் ஒன்பது நாள் ஒளிந்திருந்தேன். முப்பது நாள் ராணுவக் காவல் என்றார்கள். ஏற்றுக்கொண்டேன். திரும்பாதது என் குற்றம்தான். ஆனால் மருந்தைப் பிடுங்குவது என்று அந்தத் தண்டனையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

முதல் நாளே பையைச் சோதித்து மாத்திரைகளை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காவல் முகாமின் மருத்துவனிடம் அனுப்பினார்கள். தமிழன்தான். ‘அவர்’ என்று எழுத இன்றும் எனக்குக் கை வரவில்லை.

“இது உயிர் காக்குற மருந்து இல்ல. வெளிய போயி சாப்டுக்க.”

“ஸ்பெஷலிஸ்ட் எழுதினது சார். லெட்டர் ஃபைல்ல இருக்கு.”

“இது டிடென்ஷன் கேம்ப். உன் இஷ்டத்துக்கு நடக்காது.”

“பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு ஆஸ்துமா மருந்து குடுக்கிறீங்களே?”

“அது நோய்.”

“அப்ப எனக்குக் குடுக்க முடியாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். “ரொம்ப சட்டம் பேசாத. போ.”

ஒரு வாரத்தில் உடம்பு நினைத்த நேரத்தில் கொதித்தது. தூக்கம் போனது. தாடையைத் தடவவே பயந்தேன்.

பத்தாம் நாள் அம்மா பார்க்க வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெற்றி நிறைய விபூதி.

“மாத்திரைய நிறுத்திட்டாங்களாமே. நான் கும்பிட்ட சாமி கைவிடல.”

“எனக்கு முடியலம்மா.”

“பழகிடும். இப்பதான் உன் பழைய முகம் வருது.”

நான் எழுந்து, பார்த்தது போதும் என்று காவலரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் கால் மணி நேரம் மிச்சமிருந்தது.

அக்கா வேறு மாதிரி. வேலைக்கு லீவு போட்டு நிபுணரிடம் உட்கார்ந்து, மருந்தைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று கடிதம் வாங்கினாள். லிட்டில் இந்தியாவில் நகைக்கடை மாடியிலிருந்த ஒரு வழக்கறிஞரைப் பிடித்தாள். காவலில் இருப்பவரின் நடமாட்டத்தைத்தான் தடுக்கலாம், சிகிச்சையை அல்ல; மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அவர் முகாம் தலைமைக்கு எழுதினார்.

பதினெட்டாம் நாள் காகிதக் கோப்பையில் மாத்திரை வந்தது. அந்த மருத்துவனே நீட்டினான்.

“உங்க அக்கா என் வேலைக்கே உலை வைக்கப் பாத்தாங்க.”

“உங்க வேலையத்தான் சார் அவங்க செஞ்சாங்க.”

வெளியே வந்ததும் புகார் கொடுத்தேன். மருத்துவ முடிவு விதிமுறைக்கு உட்பட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார் வழக்கறிஞர். அக்காவுக்குக் கைக்குழந்தை, அவளை மேலும் அலைய வைக்க மனமில்லாமல் விட்டேன். அப்படி விட்டதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

போன தீபாவளிக்கு அம்மா போன் செய்தார். “வீட்டுக்கு வாயேன். இன்னுமா கோவம்?”

“அன்னைக்கு நீங்க பேசினது தப்புன்னு சொல்லுங்க. வரேன்.”

அம்மா போனை வைத்துவிட்டார். நான் போகவில்லை.