முகிலில்லாக் கிள்ளான்

ஒப்பந்தம் என்றால் நம்மவர்க்குப் பொன்னாடைதான். எதைப் பற்றிய ஒப்பந்தம் என்னும் கேள்வி பதாகையோடு முடிந்துவிடும். சென்ற ஆண்டு கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியும் பிரிக்பீல்ட்சைச் சேர்ந்த ஒரு பொறியியல் கல்லூரியும் விண்ணியல் கல்விக்காகக் கைகோத்தன. வாழ்த்துரைக்கு என்னை அழைத்திருந்தனர். பதாகையில் ‘விண்ணியல்’ என்னும் சொல்லைவிட ஏற்பாட்டுக் குழுத் தலைவரின் முகம் பெரிதாக இருந்தது.

அம்மண்டபத்தில் விண்ணோடு தொடர்புடையவர் ஒருவரே. அவள் கிள்ளான் கல்லூரி மாணவி. இரும்பு அளவுநாடாவை வெட்டிக் குழாயில் பொருத்தித் தானே ஓர் அலைவாங்கி செய்திருந்தாள். வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போது அது அனுப்பும் படத்தை வாங்கி விருந்தினர்க்குக் காட்ட வேண்டும். காட்டினால், பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கட்டணமின்றிப் பயில அவளுக்கு இடம். இருப்பது ஓரிடமே. அதைத் தரவேண்டிய பேராசிரியர் அம்மையார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

டத்தோ பட்டம் பெற்ற சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை. டத்தோ வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் எதையும் தொடங்க முடியாது.

“அங்கிள், சேட்டிலைட் இப்ப வந்துரும். எல்லாரும் கார் பார்க்குக்கு வந்தா காட்டிரலாம்,” என்றாள் தலைவரிடம்.

“டத்தோ ஜாம்ல மாட்டிக்கிட்டாரு மா. அத கொஞ்சம் லேட்டா வரச் சொல்லு லா.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றெண்ணி அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அது நிக்காது அங்கிள். இப்ப விட்டா ராத்திரிதான்.”

“அப்ப நேத்து அனுப்புனியே ஒரு படம், அதையே போட்டுரலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

அவள் பேராசிரியரை வெளியே வருமாறு வேண்டினாள். முன்வரிசை வெறிச்சோடிக் கிடந்தால் டத்தோ என்ன நினைப்பார் என்று தலைவர் இடைமறித்தார். பேராசிரியர் வாயிலைப் பார்த்தார், மாணவியைப் பார்த்தார், நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பட்டங்கள் கூடக்கூட முதுகெலும்பு குழையும்போலும்.

அவள் தனியே வெளியேறினாள். மண்டபத்தின் சந்தனவாடை பொறுக்காமல் நானும் பின்சென்றேன். கார்களுக்கிடையே நின்று, கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நோக்கி அலைவாங்கியை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் படம் வரிவரியாக இறங்கியது. நீரிணையைத் தாண்டி வந்து கிள்ளானை முழுதும் மூடிய வெண்முகில் அதில் தெரிந்தது. அண்ணாந்தேன். வானம் கறுத்திருந்தது.

நாங்கள் உள்ளே திரும்பியபோது டத்தோ வந்துவிட்டிருந்தார். மாலைகள், பொன்னாடைகள், மீண்டும் மாலைகள். விண்ணைத் தொடுவோம் என்று அவர் முழங்கும்போது தகரக் கூரையில் பேய்மழை இறங்கியது. விண்ணே மறுமொழி சொன்னதை அங்கு எவரும் செவிமடுக்கவில்லை. அடுத்துத் தலைவர் கையசைக்க, ஒரு மாணவன் திரையில் நேற்றைய படத்தை இட்டான்.

“லைவ்! இந்த நிமிஷம் நம்ம கிள்ளான்!”

திரையில் கிள்ளானின்மேல் ஒரு துணுக்கு முகிலும் இல்லை. மழையிரைச்சலை மீறிக் கைதட்டினர்.

“அங்கிள், அது நேத்து எடுத்தது! இன்னிக்குப் படம் என்கிட்ட இருக்கு,” என்று வாயிலிலிருந்து அவள் குரல்கொடுத்தாள்.

“சின்னப் பொண்ணு, பதட்டம்,” என்று தலைவர் ஒலிவாங்கியில் சிரித்தார். அவையும் சிரித்தது.

பேராசிரியர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தூவலின் மூடியைக் கழற்றிக் கையெழுத்திட்டார். ஆய்வக இடம், படத்தைத் திரையிட்ட மாணவனுக்கு. அவன் தலைவரின் தங்கை மகன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில் சொன்னார். சொல்லும்போதும் கைதட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

வாயிலில் அவள் அலைவாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் விரைந்து வந்தார்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மா. இப்ப அந்த ஆன்டெனாவ குடு. டத்தோ அத புடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கணுமாம்.”

“முடியாது அங்கிள்.”

அன்றைய விழாவில் பொருளோடு சொல்லப்பட்ட ஒரே சொல் அது. அலைவாங்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மழை விடுவதற்குக் காத்திராமல், அவள் ரயில் நிலையம் நோக்கி நடந்தாள்.