லீவுக்காக வந்த நெஞ்சுநோய்

இலை உதிரத் தொடங்கியதும் பர்மிங்காமில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்துவிடும். எனக்கு இதயநோய் இருப்பதால் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாமாம். முதல் வருடம் ஏதோ ஏமாற்று வேலை என்று அழித்துவிட்டேன். இலவசம் என்ற சொல்லைக் கண்டாலே என் கை சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். இரண்டாம் வருடமும் வந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் சரி. கிடங்கு வேலையில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவனுக்கு இதயநோய் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. என் மனைவி ஸ்டெல்லா இங்கே நர்ஸ். அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் கல்யாணத்து ஹார்ட்டுங்க இது. நம்ம கூடவே பிளேன் ஏறி வந்துட்டுது" என்றாள்.

அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியருக்குக் காட்டுமன்னார்கோயிலில் கல்யாணம். பந்தலிலிருந்து பாத்திரம் வரை எல்லாம் என் தலையில். பதினைந்து நாள் லீவு கேட்டேன், சூப்பிரண்டு மூன்று நாள் என்றார். அப்புறம் என்ன, எல்லாரும் போகிற வழிதான், மெடிக்கல் லீவு. சேவியர் சிதம்பரத்தில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் என்னை அழைத்துப்போனார். டாக்டர் மஞ்சள் காமாலை என்று எழுதப் பேனாவைத் திறந்தார். சேவியர் தடுத்தார்.

"காமாலை வாணாம் சார். போன மாசம் ஒருத்தன் காமாலைன்னு போட்டான், சூப்பிரண்டு வூட்டுக்கே ஆளு அனுப்பிப் பாத்துட்டாரு. ஹார்ட்டுன்னு போடுங்க. வாயத் தொறக்க மாட்டாரு."

டாக்டர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, இதயத்துடிப்பு சீராக இல்லை, பதினைந்து நாள் ஓய்வு தேவை என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாளும் நான் பந்தல் கால் நட்டேன், அரிசி மூட்டை இறக்கினேன், வாழைத்தாரோடு டவுன் பஸ்ஸில் தொங்கினேன். சூப்பிரண்டு நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. நான் திரும்பிப் போனபோது என் மேசையை மின்விசிறிக்குக் கீழே மாற்றிப் போட்டிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தாளை இங்கே கொண்டுவந்து சேர்த்தவனும் நானேதான். வெளிநாடு போகும்போது எந்தக் காகிதத்தைக் கேட்பார்களோ என்று ஜாதகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போட்டுக்கொண்டு வருகிற சாதி நாம். இங்கே எங்கள் பகுதிக்கான மருத்துவரிடம் பெயர் பதியப் போனபோது, பழைய மருத்துவக் காகிதம் இருக்கிறதா என்றார்கள். பெருமையாக ஃபைலையே நீட்டினேன். அதில் என் பணிக்காலக் காகிதங்களோடு அந்த சர்டிபிகேட்டும் இருந்தது. ஊரில் நோய்க் காகிதம் நோயாளியின் பையில்தான் இருக்கும். டாக்டரைப் பிடிக்கவில்லையென்றால் அதை வீட்டில் போட்டுவிட்டு, வேறு டாக்டரிடம் புது ஆளாகப் போய் உட்காரலாம். இங்கே அது அவர்களுடைய கணினிக்குள் போய்விட்டது. நான் எங்கே போனாலும் எனக்கு முன்னால் அது போய் நிற்கிறது.

சென்ற வருடம் சேவியரின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பயணக் காப்பீடு வாங்கத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த பெண்ணின் குரல் கனிவாகத்தான் இருந்தது. மருத்துவக் குறிப்பில் உள்ள நோயை மறைத்தால் காப்பீடு செல்லாது என்றாள், அதனால் சொன்னேன். இதயக் கோளாறு கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டாள். வந்ததே இல்லை என்றேன். மருந்தை நிறுத்திவிட்டீர்களா என்றாள். ஆரம்பிக்கவே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சிகிச்சை பெறாத இதயநோய் என்று குறித்துக்கொண்டதாகச் சொல்லி ஒரு தொகையைச் சொன்னாள். விமான டிக்கெட்டே அதைவிடக் குறைவு. உண்மையைச் சொன்னதற்கு விலை ஏறுகிறது என்றால் யாரைத்தான் நம்புவது? இனி ஒவ்வொரு முறை ஊருக்குப் போகவும் இந்தத் தண்டம்தான். அந்த ஒரு வரியை அழித்தே தீருவது என்று மருத்துவரிடம் போனேன். எதையும் அழிக்க முடியாது, எழுதிக் கொடுத்த இடத்திலிருந்தே மறுப்புக் கடிதம் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். "இப்போதே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடலாமே" என்றும் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். தேடினால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சந்தேகம்.

கடைசியில் இதயத்துக்கு மட்டும் பொருந்தாத ஒரு மலிவுக் காப்பீட்டோடு நானும் ஸ்டெல்லாவும் புறப்பட்டோம். என் உடம்பு முழுக்கக் காப்பீட்டுக்குள் இருந்தது, நெஞ்சு மட்டும் வெளியே இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சேவியரும் நானும் சிதம்பரத்துக்குப் போனோம். பழைய டாக்டர் இறந்து, அதே அறையில் அவர் மகன் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"எங்கப்பா பொய் எழுதுனாருன்னு நான் எழுதித் தரணும். அதானே சார்?"

"பொய்யில்ல சார், ஒரு ஒத்தாசதானே" என்றார் சேவியர்.

"அப்ப நோய் இல்லன்னு நான் எழுத மாட்டேன். இப்ப நல்லா இருக்காருன்னு வேணா எழுதித் தரேன்."

படுக்க வைத்து ஈ.சி.ஜி. எடுத்தார். தாளை ஒரு நொடி பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். இதயம் இயல்பாக இருக்கிறது என்று எழுதி முத்திரை குத்தினார். அதே வட்ட முத்திரை, அதே ஊதா மை. வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேவியரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்குப் போயி ஏன் மச்சான் கலங்குறீங்க? நல்லபடியா எழுதணும்னு நேத்தே போன்ல சொல்லி வச்சிட்டேன்ல" என்றார் அவர்.

பிடித்த கையை விட்டுவிட்டேன்.

இரவு ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அந்த ஈ.சி.ஜி. தாள் எங்க?" என்றாள்.

"அவுரே வச்சிக்கிட்டாரு."

கல்யாணத்தில் நான் ஒரு நாற்காலியைத் தூக்கப் போனாலும் அவள் எங்கிருந்தோ வந்து வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் விமானத்தில் என் பையில் ஒரே கிளினிக்கின் இரண்டு காகிதங்கள் இருந்தன. தந்தை எழுதியது நோய் என்றது, மகன் எழுதியது இல்லை என்றது. இரண்டுமே சேவியர் கேட்டு எழுதியவை. முன்னிருக்கைத் திரையில் குட்டி விமானம் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து புறப்பட்டவன் ஆரோக்கியமானவன், பர்மிங்காமில் இறங்கப் போகிறவன் நோயாளி. நடுவில் எந்த இடத்தில் ஆள் மாறுகிறேன் என்று அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாண வீட்டைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்து நானும் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளுடைய இரண்டு விரல்கள் என் மணிக்கட்டில் அழுந்தியிருந்தன. உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் கண் பதிந்திருந்த கைக்கடிகாரம் இன்னும் ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது.