அம்மாவின் தாடையில் சேர்ந்த உப்பு

அம்மா சோற்றைக் கரைத்துக் குடிக்கத் தொடங்கியபோது முதலில் எரிச்சல்பட்டவர் அப்பாதான். "பல்லுப் போன கெழவியா நீ? மென்னு தின்னா என்னவாம்?" என்றார். அம்மா இடது காதுக்கு முன்னால் கையை அழுத்தி வைத்துக்கொண்டு டம்ளரைச் சாய்த்தாள். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது.

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் உண்டு. காலையில் மல்லிப்பூ எடுத்துவிட்டு, வெற்றிலை புகையிலை போட்டுக்கொண்டு களை வெட்டப் போகிறவள் அம்மா. பள்ளிக்கூடப் பக்கம் போகாதவள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். வேடசந்தூரில் ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கரண்ட் பில் முதல் மருந்துச் சீட்டு வரை வீட்டுக்கு வரும் எந்தத் தாளையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. அதை மறைத்ததும் இல்லை.

திண்டுக்கல்லில் ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது. இன்னொருவர் காதுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். வீக்கம் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்து கல்லாக இறுகியது. பார்க்க வந்த பெண்கள் அம்மாவிடம் பேசும்போது அவள் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார்கள். வாசலுக்குப் போனதும், "பொகையில போட்ட வாயில்ல" என்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையை நடைபாதையில் நின்றே படித்தேன். தாடை மூட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்த ஒரு கட்டி, எலும்பு அரித்திருக்கிறது, குருத்தெலும்பில் வரும் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். எனக்குப் புரியாத சொல் ஒன்றாவது அதில் இருக்கக் கூடாதா என்று தேடினேன். இருந்த ஒரே ஒரு சொல்லையும் போனில் தேடிப் பார்த்துத் தொலைத்தேன். புற்றுநோய் என்றால் அந்தப் பக்கத் தாடையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். அதில் எதுவும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று முடிவு வந்தது.

அந்த இடைவெளியில்தான் வீடு மாறிப்போனது. அப்பா இளநீர் வெட்டிக் கொண்டுவந்து, "செத்த குடிக்கிறியா தாயி" என்றார். அம்மாவை அவர் தாயி என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. நானும் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவளுக்குத் தலை வாரிவிட்டேன். எது சொன்னாலும் சரிம்மா என்றேன். நோயின் பெயரை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். புற்றுநோய் வந்தவரிடம் அதைச் சொல்ல மாட்டோம். சாதாரணக் கட்டி, கரைந்துவிடும் என்போம். அம்மாவின் தம்பி, என் மாமா, கடைசி மூச்சு விடும் வரை அவருக்கு அப்படித்தான் சொல்லியிருந்தது.

இரண்டாவது முறை கட்டியில் எடுக்க வந்தவர் தாடை அறுவை சிகிச்சை செய்யும் ஒரு பெண் டாக்டர். அவர் வாயைப் பார்க்கும் முன்பே, "முட்டி வலிக்குமாம்மா? வீங்குமா?" என்று கேட்டார். களை வெட்டுகிறவளுக்கு முட்டி வலிக்காமல் இருக்குமா என்று நாங்கள் அதை ஒரு நோயாக நினைத்ததே இல்லை. முட்டியைப் படம் எடுத்தார்கள். எலும்புகளுக்கு நடுவே, குருத்தெலும்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. தாடையிலிருந்து எடுத்ததும் ஈரச் சுண்ணாம்பு மாதிரிதான் இருந்ததாம். முதல் தடவை கெட்டியாக இருக்கிறதென்று ஆசிடில் ஊறவைத்து அறுத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் அதிலேயே கரைந்து போயிருக்கிறது. இந்த முறை ஊறவைக்காமல் தனி வெளிச்சம் உள்ள மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது படிகங்கள் மின்னின.

"இது கேன்சர் இல்ல" என்றார் டாக்டர். "மூட்டுல ஒரு வகை கால்சியம் உப்பு சேருது. கட்டிய மட்டும் சுரண்டி எடுத்துரலாம். விட்டா வாய் மொத்தமா பூட்டிக்கும்."

வார்டுக்கு ஓடினேன். "அம்மா, ஒண்ணுமே இல்லம்மா. வெறும் உப்பு. முட்டியில இருக்குறதுதான் தாடையிலயும் இருக்காம்."

அம்மா என் கன்னத்தைத் தடவினாள். "சரித்தா" என்றாள், பல்லிடுக்கு வழியாக. "எந்தம்பிக்கு நானும் இதத்தான் சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மூஞ்சியக் கிழிச்சுக்கிட்டுப் போய்ச் சேர மாட்டேன்."

"உம்மேல சத்தியமாம்மா."

"அவன் தலையில அடிச்சு நானும் சத்தியம் பண்ணுனேன்."

அறிக்கையைக் கண்ணெதிரே விரித்தேன். அவளுக்கு அது வெறும் எழுத்து. நான் என்ன படிக்கிறேனோ அதுதான் அதில் இருக்கும். படித்துச் சொல்ல நான் ஒருத்தி என்றால், பொய் சொல்லவும் நான் ஒருத்தியே போதும். இத்தனை வருடம் நான் பெருமைப்பட்ட ஒரே விஷயம் அந்தக் கட்டில் ஓரத்தில் எதற்கும் உதவாமல் போனது. டாக்டரே வந்து முட்டிப் படத்தைக் காட்டி, சுண்ணாம்பு மாதிரி உப்புதான் படிந்திருக்கிறது என்றார். அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "நல்ல புள்ள. நீங்க சொல்லிக் குடுத்தத அப்படியே சொல்லுது. பொகையிலன்னு சொன்னா பயந்துருவேன்னு சுண்ணாம்புன்னு மாத்திட்டீக, இல்ல?"

மறுநாளும் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை; ஒப்புதல் தாள் கட்டில் ஓரத்திலேயே கிடந்தது. கஞ்சியும் பாதிதான் இறங்கியது. கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிந்தது. இல்லாத புற்றுநோயால் என் அம்மா என் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்த என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதார். திரும்பி வந்து, "என்ன தாயி வேணும்?" என்றார்.

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "பச்சைப் பட்டு ஒனக்கு. மத்த சேலையெல்லாம் சித்திக்குக் குடுத்துரு. அவ கட்டுவா."

எனக்குள் என்னவோ அறுந்துபோனது.

"உன் மண்டையில என்னதான்மா இருக்கு? டாக்டரு தலையில அடிச்சுக்கிறாக, நீ சேலைக்குப் பங்கு வச்சுக்கிட்டு இருக்கியா? நான் படிச்சதெல்லாம் பொய், உனக்குத்தான் எல்லாம் தெரியும்! போ, அறுக்க வேணாம். வாயப் பூட்டிக்கிட்டுக் கெட. பட்டினியாவே கெடந்து சாவு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் மகள், "ஏங்க, பெத்தவளப் போயி ஆஸ்பத்திரியில வச்சு இப்படியா வைவாக?" என்று அதட்டினாள்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாவுன்னா சொன்ன?"

"ஆமா, சொன்னேன்."

"சாகப் போறவகிட்ட யாரும் அந்தச் சொல்லச் சொல்ல மாட்டாக." கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒருக்கா வையுங்க, பாப்பம்."

அப்பா விழித்தார். வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது.

"அழுதா நம்ப மாட்டேன்."

"ஏ கூறுகெட்டவளே," என்றார் அப்பா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பூவெடுக்க ஆளில்லாம செடியிலேயே பூத்துக் கொட்டுது. நீ இங்க வந்து மகாராணி மாதிரி படுத்துக்கிட்டு... ஒன்னக் கட்டி என்னத்தக் கண்டேன் நான்?"

அம்மா கையை நீட்டினாள். அவளால் சிரிக்க முடியாது. அந்தக் காதோரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தாளக் கொண்டாத்தா. எங்க கைநாட்டு வைக்கணும்?"