எஸ்தர் டீச்சரும் ஆனையூர் மலைப்பாம்பும்

செய்தி வந்தபோது ஏழாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாசலில் நின்று, "எஸ்தர் டீச்சர் போயிட்டாங்க வசந்தி" என்றார். கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

நம் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் கணிதம் எடுத்தவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஆனையூர் வீட்டிலிருந்த பாம்பைப் பற்றி நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம், நானும்தான். அது ஆப்பிரிக்க வகை. விஷமில்லாத சிறிய மலைப்பாம்பு; வனத்துறையில் முறையாகப் பதிவு செய்தது. அதை வளர்த்துவந்த அவருடைய அண்ணன் மகன் வேலைக்காக வெளிநாடு போனபோது, கண்ணாடிப் பெட்டியோடு அத்தையிடம் விட்டுப்போனான். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்ப்பு கிளம்பியது. டீச்சர் சண்டை போடவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரை வீட்டுக்கு அழைத்து, பெட்டியின் பூட்டைக் காட்டி, "நீங்களே இழுத்துப் பாருங்க சார்" என்றார். அவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் கட்டைவிரலில் கட்டோடு பள்ளிக்கு வந்தார். பாம்பு கடித்ததா என்று அலறிவிட்டேன்.

"அது மேல தப்பில்ல வசந்தி. எலியை எடுத்த கையைக் கழுவாம பெட்டிக்குள்ள விட்டேன். அதுக்கு வாடைதான தெரியும்? எஸ்தரா, எலியான்னு அது என்னத்தக் கண்டுச்சு?"

அது தானாக விடும்வரை விரலை இழுக்காமல் நின்றாராம். இழுத்திருந்தால் பாம்பின் பல் உடைந்திருக்கும் என்பதுதான் அவர் கவலை.

பின்னாளில் உடம்பு முடியாமல் மருத்துவமனையில் சேர்ந்த அன்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, பாம்புக்கு இரை வைக்கச் சொன்னார். எனக்குப் பயம் என்றேன். "கை நடுங்குனா நடுங்கட்டும். இடுக்கி நீளமாத்தான் இருக்கு" என்றார்.

அவர் சொன்னபடியே செய்தேன். ஃப்ரீசரில் உறைந்து கிடந்த எலியைப் பையோடு வெந்நீரில் போட்டு, உள்வரை இளகியதும் துடைத்தேன். உயிருள்ள எலியைப் போட்டால் அது பாம்பையே கடித்துவிடும் என்பதால், எப்போதும் செத்த எலிதான். இடுக்கியில் பிடித்து நீட்டினேன். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது. மாலைவரை காத்திருந்தும் தொடவில்லை. டீச்சர் போனில் கேட்டபோது, "சாப்பிட்டுருச்சு டீச்சர்" என்றேன்.

அவர் கேட்டார்: "கண்ணு பால் படிஞ்ச மாதிரி இருக்கா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப தோல் உரிக்கப் போகுது. சாப்பிட்டிருக்காது." மூச்சு வாங்கியது. "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பொய் சொல்லாத வசந்தி. உள்ளது தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யணும்னு சொல்ல முடியும். எலியை எடுத்து வெளிய போட்டுரு. அழுகுனா அதுக்கு ஆகாது. அம்புட்டுதான்."

அதற்கு நான்காம் நாள் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய அண்ணன், "பாம்பை அழகர்மலைப் பக்கம் விட்டுருவோமாம்மா?" என்று கேட்டார். "இது நம்ம ஊருப் பாம்பு இல்லண்ணே. வெளிய விடவே கூடாது. உங்க மகன் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றேன். இந்தப் பதிலை என் வாயிலிருந்து நானே எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தோல் முழுதாக உரிந்து கிடந்தது. இரண்டு நாள் விட்டு எலியை நீட்டினேன். ஒரே பாய்ச்சல், சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பெட்டிக் கதவைப் பூட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சொல்வதற்கு ஆள் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் மகன் வந்ததும் பாம்பு அவனோடு போய்விடும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் போன் பேச்சை மட்டும்தான். போன வாரம் ஒரு மாணவியின் தாய், "எம்புள்ள பாஸாயிருவாளா டீச்சர்?" என்று கேட்டார். எப்போதும் சொல்லும் ஆறுதல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "இப்ப இருக்குற நெலமையில கஷ்டந்தாம்மா" என்றேன். "உட்காருங்க. என்ன செய்யலாம்னு பாப்போம்."